வீட்டிலேயே கைவேலைப் பிறந்தநாள்: 9 குழந்தைகள், 2 மணி நேரம். என்ன செய்ய வைக்கலாம்?

#1 நீலக்குடை

அனைவருக்கும் வணக்கம். இன்னும் 3 வாரத்தில் என் மகளுக்கு 5 வயது முடிகிறது. எப்போது பார்த்தாலும் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்திருப்பவள். இந்தத் தடவை பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "எல்லாரும் வந்து என்கூட ஏதாவது செய்யணும்மா" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து வேறு எதையும் யோசிக்க மனம் வரவில்லை.

வரப்போவது 9 பேர். 7 பேர் அவள் வயதுதான். ஒருத்தியின் தம்பிக்கு 3 வயது. என் அக்கா மகளுக்கு 8. பெரியவர்கள் பக்கம் நான், கணவர், என் தங்கை. சில பெற்றோர் கூடவே இருப்பார்கள், சிலர் விட்டுவிட்டுப் போவார்கள். இடம் எங்கள் ஹால்தான். வாடகை வீடு, சுவர் வெள்ளை.

யோசித்து வைத்திருப்பது: முகமூடி, பாசி கோத்து வளையல், ஸ்லைம், ஃபோட்டோ சட்டத்துக்கு வண்ணம் அடிப்பது, முட்டை அட்டையில் கம்பளிப்பூச்சி. இந்த 5-ம் 2 மணி நேரத்தில் முடியுமா? எதை முதலில் வைப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கத்தரிப்பூ

வாழ்த்துகள் தோழி, மகளுக்கு என் அன்பு. மழலையர் வகுப்பில் 14 வருடமாக இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஐந்து வேண்டாம். முழுதாக உட்கார்ந்து செய்ய ஒன்று. வந்தவுடன் கை வைக்க ஒன்று. சீக்கிரம் முடித்துவிடும் குழந்தைக்குக் கையில் கொடுக்க ஒன்று. அவ்வளவு போதும்.

2 மணி நேரம் என்பது கேட்கத்தான் நீளம். எல்லோரும் வந்து சேரவே 15-20 நிமிடம் போய்விடும். சாப்பாடு, கேக், கை கழுவல் எல்லாம் சேர்த்து இன்னொரு 35-40 நிமிடம். ஓடியாட ஒரு 20 நிமிடம் கட்டாயம் வேண்டும், அது இல்லாவிட்டால் மேசையடியில் ஓட ஆரம்பிப்பார்கள். மிச்சம் 40-50 நிமிடம். அதற்குள் ஐந்து வேலை வைத்தால் குழந்தை எதிலும் மனம் ஊன்றாது, நீங்கள் "சீக்கிரம், சீக்கிரம்" என்றே சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் வேலைக்கு ஆரம்பமும் முடிவும் இருக்கக் கூடாது. 10 நிமிடம் தாமதமாக வரும் குழந்தையும் பாதியில் சேர்ந்துகொள்ள முடிய வேண்டும். தரையில் நீளமாக ஒரு தாள் சுருளை விரித்து நாலு மூலையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கிரையானைக் கொட்டி வையுங்கள். புது இடத்துக்கு வந்து அம்மா காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தைகூட ஒரு கோடு போட உட்கார்ந்துவிடும்.

#3 மரக்குதிரை

போன வருஷம் பையனோட 6வது பிறந்தநாளுக்கு இதையேதான் பண்ணினோம், 11 குழந்தைங்க. எங்க சறுக்கினோம்னு சொல்றேன், உங்களுக்கு உதவும்.

முகமூடி வெச்சோம். குழந்தைங்க வண்ணம் அடிச்சு முடிச்சிட்டாங்க. அப்புறம் எலாஸ்டிக் கட்டணுமே! ஒவ்வொரு தலைக்கும் அளவு பார்த்து, ஓட்டை போட்டு, முடிச்சுப் போட்டு... 11 பேரும் எனக்கு முன்னாடி வரிசையா நிக்கறாங்க. அரைமணி நேரம் நான் தலையே நிமிரலை. பையன் கேக் வெட்ட வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தான்.

அதனால நான் கத்துக்கிட்டது: எந்த வேலையை எடுத்தாலும் "இதுல பெரியவங்க கைதான் செய்யணும்ங்கற இடம் எத்தனை?"ன்னு எண்ணிப் பாருங்க. ஒரு குழந்தைக்கு 2 நிமிஷம்னாகூட 9 பேருக்கு 18 நிமிஷம். அந்த இடத்தை எல்லாம் முந்தின நாள் ராத்திரியே முடிச்சு வெச்சிடணும், இல்லைன்னா அந்த வேலையே வேண்டாம்.

இன்னொண்ணு, காயற நேரம். வெள்ளைப் பசையைத் தடிமனா ஊத்திட்டாங்கன்னா ஒரு மணி நேரம் ஆனாலும் ஈரம் போகாது. வீட்டுக்குக் கிளம்பற நேரத்துல எல்லாமே ஈரம். நாளிதழ்ல சுத்திக் கொடுத்தோம். மறுநாள் பார்த்தா முகமூடி மேல செய்தித்தாள் ஒட்டிக்கிட்டு இருந்ததுன்னு ரெண்டு வீட்டுல சொன்னாங்க. அது மனசுக்குக் கஷ்டமா இருந்தது.

#4 வெள்ளைத்தாள்

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்வேன். மாதிரி செய்து முன்னால் வைக்காதீர்கள்.

அழகாகச் செய்த ஒன்றைப் பார்த்த நிமிடமே, குழந்தையின் வேலை அதைப் போல வருகிறதா இல்லையா என்பதாக மாறிவிடுகிறது. வராது. வயது அப்படி. உடனே "எனக்கு வரலை, நீங்களே செய்ங்க" என்று தாளைத் தள்ளிவிடும். அப்புறம் ஒன்பது வீட்டுக்கும் போவது ஒன்பது அம்மாக்கள் செய்த ஒரே மாதிரிப் பொருள். உங்கள் மகள் கேட்டது எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டும் என்றுதானே? செய்து முடித்த பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. தாளும் வண்ணமும் பசையும் வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

#5 மரக்குதிரை

> மாதிரி செய்து முன்னால் வைக்காதீர்கள்

இதுல நான் ஒத்துப்போகலை சகோ. எங்க வீட்டுல ரெண்டாவதா வெச்ச வேலைக்கு மாதிரி எதுவும் வைக்கலை. பாதிப் பேர் ஜோரா ஆரம்பிச்சாங்க. ஆனா நாலு பேர் "என்ன செய்யணும்?"னு கேட்டுக்கேட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாங்க. அதுல ஒரு குழந்தை அழுதுடுச்சு. தன் வீட்டு மேசையில தைரியமா வரையற குழந்தை, பத்துப் பேர் நடுவுல பயப்படும். அதுக்குப் பிடிச்சுக்க ஒரு கம்பி வேணும். வெட்டி வெச்ச உருவம், பார்த்துச் செய்ய ஒண்ணு, இதெல்லாம் அந்தக் குழந்தைக்காகத்தான்.

#6 கத்தரிப்பூ

இரண்டு பேர் சொல்வதையும் வகுப்பில் பார்த்திருக்கிறேன். நான் செய்வது இது. முடிந்த பொருளைக் காட்ட மாட்டேன், வித்தையைக் காட்டுவேன். எல்லோரையும் உட்கார வைத்து, அவர்கள் கண்முன்னே வெறும் தாளில் 2 நிமிடம் செய்து காட்டுவேன். கிரையானை அழுத்தினால் என்ன ஆகிறது, பிரஷைத் தொட்டால் என்ன ஆகிறது, அவ்வளவுதான். அந்தத் தாளை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன்.

தயங்கும் குழந்தையிடம் "உனக்குப் பிடிச்சதை வரை" என்று சொன்னால் அது இன்னும் தடுமாறும். அகலமான கேள்வி அதற்கு. "உன் மீனுக்குக் கோடு வேணுமா, புள்ளி வேணுமா?" என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கை தானாக நகரும்.

உருவத்தை வெட்டி வைப்பதைப் பற்றி: 3 வயதில் கத்தரிக்கோலால் ஓரத்தை நறுக்க வரும். 4-ல் நேர்கோட்டில் ஓரளவு போகும். வளைவாக வெட்டுவது 5, 6 வயதில்தான் மெல்ல வருகிறது. அதனால் வளைந்த உருவத்தை நீங்கள் வெட்டி வைப்பதில் தவறே இல்லை. வெட்டும் ஆசைக்குத் தனியாகப் பட்டைப் பட்டையாகக் காகிதம் வையுங்கள், நறுக்கித் தள்ளட்டும்.

#7 சுண்டுவிரல்

மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இழையை மேலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். அழகு பற்றி நீங்கள் பேசுங்கள், நான் வாய்க்குள் போவதைப் பற்றிச் சொல்கிறேன்.

வருபவர்களில் ஒருவனுக்கு 3 வயது. ஆகவே வீடு முழுக்க அவன் கணக்கில்தான் இருக்க வேண்டும், அவன் உட்காரும் மேசை மட்டும் அல்ல. பாசி, பொத்தான், ஒட்டும் கண்கள் எல்லாமே மூச்சுக்குழாயில் சிக்கும் அளவு. டாய்லெட் ரோலின் நடு அட்டைக்குழாய் இருக்கிறதே, அதன் துளைக்குள் விழும் எதையும் அவன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை அது.

தண்ணீர் ஊற்றினால் உப்பிப் பெரிதாகும் நிறமணிகளை எந்த வயதுக்கும் வாங்க வேண்டாம். விழுங்கினால் குடலுக்குள் போய் உப்பி அடைக்கும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. சின்னச் சின்னக் காந்தங்களும் வேண்டாம். ஒன்றுக்கு மேல் உள்ளே போனால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். பேட்டரி மெழுகுவத்தி வைத்துக் காகித விளக்கு செய்யும் யோசனை யாருக்காவது வந்தால்: உள்ளே இருப்பது பொத்தான் பேட்டரி. தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். திருகாணி போட்டு மூடிய வகையாக இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

பலூன் ஊதுவீர்கள். வெடித்த துண்டுகளை அந்த நிமிடமே பொறுக்கிவிட ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். மூச்சை அடைப்பதில் ரப்பர்த் துண்டு மிக மோசம், 7 வயதுக் குழந்தைக்கும்கூட.

ஸ்லைம் செய்முறைகள் பலவற்றில் போராக்ஸ் சேர்க்கச் சொல்வார்கள். தோலை எரிக்கும், வயிற்றுக்குள் போனால் கெடுதல். எடுத்துவிடுங்கள். ஜிகினாத் தூளும் வேண்டாம், அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்குவார்கள்.

முட்டை அட்டை: பச்சை முட்டையின் கசிவு அதில் காய்ந்திருக்கும். முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தை வருகிறதா என்று கேட்டீர்களா? அழைக்கும்போதே "சாப்பாட்டில் மட்டுமல்ல, தொட்டாலும் ஆகாத பொருள் எதுவும் உண்டா?" என்று கேளுங்கள். கோதுமை, ரப்பர், இறகு என்று பதில் வரலாம்.

#8 நீலக்குடை

சுண்டுவிரல் அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 3 வயதுக்காரன் உட்காரும் இடத்தை மட்டும்தான் நான் யோசித்து வைத்திருந்தேன். ஒவ்வாமை பற்றி எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். ஒரு குழந்தைக்கு முட்டை ஆகாது என்று பதில் வந்தது. இத்தனை நாள் பழகியும் எனக்குத் தெரியாது. முட்டை அட்டை போயிற்று, ஸ்லைம் போயிற்று, முகமூடி போயிற்று. கேக்கும் முட்டையில்லாததாக மாற்றிவிட்டேன்.

மகளிடம் கேட்டேன். "மீன்" என்கிறாள். ஆக, தரையில் நீளத் தாளில் எல்லோரும் சேர்ந்து கடல் வரைவது, பிறகு ஆளுக்கொரு மீன். மீனுக்கு வண்ணம் வேண்டும். ஆனால் தண்ணீர் வண்ணத்தை ஹாலுக்குள் விடப் பயமாக இருக்கிறது. விடலாமா?

#9 மொட்டைமாடி

என் கருத்து, விட வேண்டாம். ஸ்கெட்ச் பேனாவும் ஸ்டிக்கரும் போதும். சின்னப் பிள்ளைகள் ஒன்பது பேர், ஒன்பது கிண்ணம் தண்ணீர், வாடகை வீட்டு வெள்ளைச் சுவர். அன்று முழுக்க நீங்கள் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள், மகளின் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள். பயத்தோடு நடத்தும் வேலையைவிட எளிய வேலை மேல்.

#10 அந்திமழை

பயப்படாதே அம்மா. ரெண்டு பேரக் குழந்தைகளை வைத்துக்கொண்டு வாரம் தவறாமல் இதைச் செய்கிற பாட்டி நான்.

மெழுகுக் கிரையானால் மீன் மேல் கோடும் புள்ளியும் நன்றாக அழுத்திப் போடச் சொல். அதன்மேல் நீர்த்த வாட்டர் கலரைப் பூசினால் மெழுகு இருக்கிற இடத்தில் நீர் ஒட்டாது. வண்ணம் விலகி ஓடிவிடும், கோடு பளிச்சென்று மேலே வரும். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கிரையானால் நீயே ஒளித்து ஏதாவது வரைந்து வை, பிரஷ் பட்டவுடன் அது தெரியும்போது அந்தக் குழந்தைகள் போடும் சத்தத்தைக் கேட்கணும்! எப்படிப் பூசினாலும் நன்றாகத்தான் வரும், "எனக்கு வரலை" என்ற பேச்சுக்கே இடமில்லை.

சாதாரண ஏ4 தாள் ஆகாது. அது 70-80 ஜிஎஸ்எம்தான் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), நனைந்தால் சுருண்டு கிழியும். 200-க்குக் குறையாமல் தடித்த தாளாகப் பார். அக்ரிலிக் வண்ணத்தை மறந்தும் எடுக்காதே, துணியில் காய்ந்துவிட்டால் போகவே போகாது. "கழுவினால் போகும்" என்று போட்டிருக்கும் குழந்தைகள் வண்ணத்தை வாங்கு, அதையும் முன்னாலேயே ஒரு பழந்துணியில் தடவித் துவைத்துப் பார்த்துக்கொள்.

ஆளுக்கொரு தண்ணீர்க் கிண்ணம் எதற்கு? 3 பேருக்கு ஒன்று. அடி அகலமாக, கால் பாகம் மட்டும் தண்ணீர். கவிழ்ந்தாலும் ஒரு துண்டில் துடைத்துவிடலாம்.

இன்னொன்று. என் பெரிய பேத்திக்கு இடதுகைப் பழக்கம். வலதுகைக் கத்தரிக்கோலைத் திருப்பிப் பிடித்தாலும் மேல் அலகு கோட்டை மறைத்துவிடும், வெட்டு வராது. மூன்று வருஷம் அவளுக்குக் கைவேலை வரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அலகு மாற்றி அமைத்த இடதுகைக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கிக் கொடுத்த அன்றே வெட்டினாள். பத்தில் ஒருவர் இடதுகைக்காரர். ஒன்றாவது வாங்கி வை.

#11 மரக்குதிரை

தரைக்கு வெறும் பிளாஸ்டிக் விரிப்பு மட்டும் போட்டுடாதீங்க. தண்ணி பட்டா வழுக்கும். நாங்க பிளாஸ்டிக்கை விரிச்சு அதுக்கு மேல பழைய பருத்திப் போர்வையைப் போட்டு, ஓரம் முழுக்க டேப் ஒட்டினோம். அது தண்ணியை உறிஞ்சிக்கும், காலும் தடுக்காது. மேசையைச் சுவர்ல இருந்து ஒரு கை நீளம் தள்ளிப் போடுங்க. பெரியவங்க பழைய டீ-ஷர்ட்டை முன்பின்னா மாட்டி விட்டா முழங்கால் வரைக்கும் மூடும்.

கை கழுவ ஒரே சமயத்துல பாத்ரூமுக்கு அனுப்பினீங்கன்னா, வழியெல்லாம் சுவர்ல கை பதியும். ஈரத் துண்டுகளை வாளியில போட்டு மேசை பக்கத்துலயே வைங்க. எழுந்திருக்கறதுக்கு முன்னாடி துடைச்சிட்டு, அப்புறம் ரெண்டு ரெண்டு பேரா கழுவப் போகட்டும்.

#12 நீலக்குடை

மொட்டைமாடி, நீங்கள் சொன்னதை நன்றாக யோசித்தேன். பயம் உண்மைதான். ஆனால் வெள்ளைக் கிரையான் விஷயத்தை நேற்று இரவு மகளிடம் செய்து காட்டினேன். பிரஷ் பட்டு அவள் பெயரின் முதல் எழுத்து வெளியே வந்ததும் மூச்சே விடாமல் பார்த்தாள். இதை விட்டுக்கொடுக்க முடியாது. வண்ணம் உண்டு என்று முடிவு.

3 வயதுத் தம்பிக்கு என்ன கொடுக்கலாம்? அவனால் அவ்வளவு நேரம் உட்கார முடியாதே.

#13 கத்தரிப்பூ

அவனுக்கு மாவு. மைதா 2 கப், உப்பு 1 கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி. வெந்நீர் சுமார் 1 கப், கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசையுங்கள். ஆறியபின் இறுக மூடும் டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் சில நாள் தாங்கும். கோதுமை ஆகாத குழந்தை இல்லை என்று உறுதி செய்த பிறகு. உப்பு அதிகம் என்பதால் ஒரு வாய்க்கு மேல் தின்ன மாட்டான், ஆனாலும் பக்கத்தில் ஆள் வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாமல் வையுங்கள், அவ்வளவு உப்பு நாய்க்கு ஆபத்து.

மற்றக் குழந்தைகளும் அந்த மாவைத்தான் கேட்பார்கள். இரண்டு மடங்காகப் பிசைந்து வைத்துவிடுங்கள். சீக்கிரம் முடித்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மூன்றாவது வேலையும் அதுவே ஆகிவிடும்.

8 வயதுப் பெண்ணை "உதவியாளர்" என்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவளும் குழந்தைதான். அவளுக்குப் பெரிய தாளும் மெல்லிய பிரஷும் தனியாகக் கொடுங்கள்.

#14 வெள்ளைத்தாள்

பெற்றோர் சிலர் கூடவே இருப்பார்கள் என்றீர்களே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்போடுதான் செய்வார்கள்: "இங்கே கொஞ்சம் வெளியே போயிடுச்சு பார், அம்மா சரிபண்றேன்." இரண்டாவது நிமிடம் பிரஷ் அம்மா கையில் இருக்கும், குழந்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். "தொடாதீர்கள்" என்று விருந்தாளியிடம் சொல்லவும் முடியாது.

அதற்கு ஒரு வழி கண்டேன். பெரியவர்களுக்கும் ஆளுக்கொரு மீன் கொடுத்துவிடுங்கள், வேறு மேசையில். அவர்களுக்கும் செய்ய ஆசை இருக்கிறது, கை சும்மா இருப்பதால்தான் குழந்தையின் தாளுக்குப் போகிறது. நான் இதைச் செய்தபோது ஒரு தாத்தா ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

#15 நீலக்குடை

ஒத்திகை பார்த்தேன். மகளும் எதிர்வீட்டுப் பையனும். ஒரு மீன் செய்ய அரைமணி ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பையன் 7 நிமிடத்தில் முடித்துவிட்டான்! மகள் 25 நிமிடம் எடுத்தாள். இந்த வித்தியாசம் இப்போதே தெரிந்தது நல்லதாயிற்று. 9 பேருக்கு 20 மீன் வெட்டப்போகிறேன், முடித்தவர்கள் இன்னொன்று எடுக்கலாம்.

நிறத்துக்குச் சண்டை வந்தது, இரண்டு பேருக்கும் ஊதா. பெரிய பாட்டிலை மேசையில் வைக்காமல், மூடிகளில் எல்லா நிறமும் ஒரு கரண்டி வீதம் ஊற்றி 3 பேருக்கு ஒரு தட்டு வைக்கிறேன். ஒவ்வொரு தட்டிலும் அதே நிறங்கள்.

பெயரை மீனின் பின்பக்கம் பென்சிலில் முதலிலேயே எழுத வேண்டும் என்பதும் ஒத்திகையில்தான் தெரிந்தது. நனைந்த பிறகு எழுத முடியவில்லை.

#16 சுண்டுவிரல்

கிரீடம் ஏதாவது ஸ்டேப்ளர் அடித்துச் செய்வதாக இருந்தால், பின்னின் மடங்கும் முனை வெளிப்பக்கம் வரும்படி அடித்து, மேலே டேப் ஒட்டுங்கள். உள்பக்கம் இருந்தால் நெற்றியைக் கீறும். சூடான பசைத் துப்பாக்கி வேலை இருந்தால் முந்தின நாளே முடித்து உள்ளே வைத்துவிடுங்கள். அன்று அது ஹாலில் இருக்கவே கூடாது.

#17 நீலக்குடை

நேற்று நடந்தது. தூங்கி எழுந்து முதல் வேலையாக எழுதுகிறேன்.

தாள் சுருள் சுமார் 4 மீட்டர் இருக்கும். முதலில் வந்த பெண் வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. என் மகள் ஒரு நீலக் கிரையானை அவள் கையில் கொடுத்து "கடல் இங்கேருந்து ஆரம்பிக்குது" என்றாள். அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு வந்தவர்களுக்கு நாங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மீன் வேலையைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்தோம். அதுதான் மிகச் சரியான முடிவு. அவர்கள் சாப்பிட்டு, ஓடி, கேக் வெட்டி முடிக்கும்போது எல்லா மீனும் காய்ந்திருந்தது. கொடியில் மாட்டலாம் என்று இருந்தேன், தங்கைதான் வண்ணம் வழிந்து கோடு கோடாகிவிடும் என்று படுக்கையறைத் தரையில் அட்டை விரித்துக் கிடையாகக் காயவைத்தாள்.

மாதிரி வைக்கவில்லை. கத்தரிப்பூ சொன்னபடி 2 நிமிடம் செய்து காட்டிவிட்டு எடுத்துவிட்டேன். ஒருவனுக்கு மட்டும் அது போதவில்லை. ஈரம் கையில் பட்டதும் அருவருத்துக் கையை மடிமேல் வைத்துக்கொண்டான். அவன் அம்மா சங்கடப்பட்டார். நான் கிரையான் மட்டும் நகர்த்தி வைத்தேன். அவன் கடைசிவரை வண்ணமே தொடவில்லை, மீன் முழுக்கச் செதில் செதிலாகக் கிரையானிலேயே நிரப்பினான். 40 நிமிடம். அன்று செய்ததிலேயே அதிகப் பொறுமை அதில்தான் இருந்தது. இதை வரப்போகும் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன்: ஈரம் பிடிக்காத குழந்தை ஒன்று கட்டாயம் இருக்கும், அதற்கு உலர்ந்த வழி ஒன்று தயாராக இருக்கட்டும்.

பெரியவர்கள் மேசை வேலை செய்தது. 5 பெற்றோர் உட்கார்ந்து மீன் செய்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் எழுந்துபோய் மகளின் பிரஷை வாங்கினார், அவளே "அப்பா, உங்களோடது அங்கே இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

தவறு நடந்த இடங்கள். பாசி கோக்கும் வேலையை விடாமல் உயர்ந்த அலமாரியில் வைத்திருந்தேன், நேரம் இருந்தால் எடுக்கலாம் என்று. யாரோ பார்த்துவிட்டுக் கேட்க, தம்பி தூங்கப் போய்விட்டான் என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவன் பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டான். தங்கை அவனைத் தூக்கிக்கொள்ள, நாங்கள் தரை முழுக்க மண்டியிட்டுத் தேடினோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டில் அதை வைத்திருந்ததே தவறு. சுண்டுவிரல் அக்கா தெளிவாகச் சொல்லியும் செய்தேன்.

கேக் வெட்டும் முன் மகள் அழுதாள். ஒரு குழந்தை அவள் மீன்மேல் கை வைத்து வண்ணம் கலைந்துவிட்டது. வெட்டி வைத்த மீன் மிச்சம் இருந்தது, "இன்னொன்று செய்யலாமா" என்றேன், வேண்டாம் என்றாள். அந்தக் கையடையாளத்தைப் பாறை என்று சொல்லிச் சுற்றிக் கோடு போட்டது என் அக்கா மகள்தான். அதற்கப்புறம் எல்லோரும் தங்கள் மீனுக்கும் பாறை கேட்டார்கள்.

சுவரில் ஒரே ஒரு இடத்தில் பச்சை. ஈரத்துணியில் போய்விட்டது.

#18 அந்திமழை

படித்து மனசு நிறைந்துவிட்டது அம்மா. அந்த 4 மீட்டர் கடலை என்ன செய்தாய்? சுருட்டி வைத்தால் கிரையான் மெழுகு எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். நடுவில் மெல்லிய தாள் வைத்துச் சுருட்டு. வெயில் படுகிற இடத்தில் வைக்காதே.

#19 நீலக்குடை

சுருட்டவில்லை பாட்டிம்மா. 9 துண்டாக வெட்டி ஆளுக்கொன்று கொடுக்கலாமா என்று மகளைக் கேட்டேன். "வெட்டினா கடல் பிஞ்சிடும்" என்றாள். தாழ்வாரச் சுவரில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டியிருக்கிறோம், அவள் கண் உயரத்துக்கு. தம்பி போட்ட ஆரஞ்சுக் கோடு ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லோரும் வரைந்ததையும் கடந்து போகிறது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே அதன்மேல் விரலை வைத்து நடந்துபோய்க்கொண்டிருந்தாள்.